மறு: டூயல் சேனல் – ‘இரட்டை அலைவரிசை’ வேண்டாம், ‘இருதடம்’ ஆகலாம்

அனைவருக்கும் வணக்கம். கணினியின் ரேமிலிருந்து (தற்காலிக நினைவகம்) ப்ராசஸருக்கு இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு நகர்வதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றியது இந்த மறுமொழி.

> டூயல் சேனலுக்கு ‘இரட்டை அலைவரிசை’ என்று போட்டால் எல்லாருக்கும் எளிதில் புரியுமே?

தவறாகப் புரியும். அலைவரிசை என்றதும் வானொலியும் மெகாஹெர்ட்ஸும்தான் நினைவுக்கு வரும். ரேமுக்கும் மெகாஹெர்ட்ஸ் உண்டு என்பதால் குழப்பம் இரண்டு மடங்காகும். டிடிஆர்4 வகையில் 3200 வேகமுள்ள ரேம் போட்டுவிட்டு, கணினியின் உள்விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் ஏறத்தாழ 1600 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் காட்டும். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு நகர்வதால் அது 3200 ஆகிறது. டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்ற பெயரில் உள்ள ‘இரட்டை’ இதுதான். ‘இரட்டை அலைவரிசை’ என்று படித்தவர் 1600-ஐப் பார்த்ததும் பாதி வேகம்தான் வருகிறது என்று எண்ணி, சரியாக இருக்கும் ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

சேனல் என்பது ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே 64 பிட் அகலமுள்ள தனிப் பாதை. 3200 ரேமில் ஒரு பாதையின் உச்ச அளவு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 51.2. துடிப்பு மாறவில்லை, பாதைதான் கூடியிருக்கிறது. ஆகவே ‘இருதடம்’ என்கிறேன். பேருந்தில் ‘தடம் எண்’ பார்த்து ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘இருவழி’ ஆகாது: போக ஒன்று, வர ஒன்று என்ற பொருள் வந்துவிடும்.

சொல் சரியாக இருந்தால் வேலையும் சரியாக நடக்கும். ரேம் செருக நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1, பி2. ஏ ஒரு தடம், பி இன்னொரு தடம். இரண்டு ரேமை அடுத்தடுத்து ஏ1, ஏ2-வில் செருகினால் இரண்டும் ஒரே தடத்தில் நெருக்கியடிக்கும். ஏ2, பி2 – அதாவது இரண்டாவதும் நான்காவதும் – சரியான இடம். ஏ1, பி1 போட்டாலும் இருதடம் கிடைக்கும்; ஆனால் பல போர்டுகளில் கம்பித்தடத்தின் கடைசி முனை வெறுமையாகி சிக்னல் எதிரொலிக்கும், அதிக வேகத்தில் நிலைக்காது. போர்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

8 ஜிபியோடு 16 ஜிபி சேர்த்தால்? 8+8 இருதடமாக ஓடும், மிஞ்சிய 8 ஒருதடமாக. வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும்; வேறு வேறு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியதுபோல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இருதடத்தின் பயன் நன்றாகத் தெரியும், ஏனென்றால் படம் வரைவதற்கும் இதே ரேம்தான்.

---

> ‘இருதடம்’ ஆகலாம்

ஐயா, ஒரு தடை. வன்தட்டில் உள்ள வட்டப் பாதையையும் ‘தடம்’ என்றே எழுதியிருக்கிறோம். ரேம் பேச்சில் வன்தட்டுத் தடம் குறுக்கிடாது என்பதால் இதை விட்டுவிடலாம்.

ஆனால் டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-ஐ மறக்க வேண்டாம். அதில் ஒரே ரேமுக்குள் 32 பிட் பாதை இரண்டு. சில மென்பொருள்கள் இரண்டு ரேம் போட்டதும் நான்கு சேனல் என்று காட்டுவது இதனால்தான். இந்தச் சிறு பாதையைத் ‘துணைத்தடம்’ என்று பிரித்துவிட்டால் இருதடம் குழம்பாது. ‘அலைவரிசை’யிலிருந்து இப்படி ஒரு கிளைச்சொல் பிறக்காது, ‘தடம்’ வெல்வது எனக்கு இந்த இடத்தில்தான்.

விளக்கக் குறிப்பில் இரண்டைச் சேர்க்க வேண்டும். நான்கு ரேம் போட்டால் நான்கு தடம் ஆகிவிடாது. அதே இருதடம்தான், சுமைதான் கூடும். ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி தரும் வேக அளவே இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. மற்றொன்று, புது டிடிஆர்5 போட்ட முதல் முறை திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். போர்டு தடங்களை அளந்து பழகும் நேரம் அது. பதறி மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. அந்தப் பழக்கலுக்கு இன்னும் நம்மிடம் சொல் இல்லை. ‘தடப்பழக்கம்’ சரிவருமா?