அப்பா ‘நம்ம டீம்’ என்று சொன்ன நாள்: இறுதி ஆட்ட நினைவுகள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

1996 பிப்ரவரி 3, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. தைப்பூச விரத நாட்கள். அம்மாவும் பெரியண்ணனும் காவடி எடுப்பதாக இருந்ததால் வீட்டில் மீன், கறி எதுவும் இல்லை. ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா வடை சுட்டுக்கொண்டே இருந்தார். சின்ன அறை, பதினேழு பேர், ஒரே டிவி. ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம், ஜோஹன்னஸ்பர்க்கின் எஃப்.என்.பி. ஸ்டேடியத்தில், தென்னாப்பிரிக்காவுக்கும் துனிசியாவுக்கும்.

ஆட்டத்துக்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடியவர் அவர். கால்பந்து என்றால் உயிர். ஆனால் தன் நாட்டு அணி என்று அவருக்கு ஒன்று இருந்ததே இல்லை. ரக்பியோ கிரிக்கெட்டோ, வெளிநாட்டிலிருந்து எந்த அணி வந்தாலும் அந்த அணிதான் ஜெயிக்க வேண்டும் என்பார். எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். வெள்ளையர் மட்டுமே ஆடும் அணியை எப்படி நம்முடையது என்று சொல்வது? நிறவெறிக்காகத் தள்ளிவைத்திருந்த தென்னாப்பிரிக்காவை 1992-இல் ஃபிஃபா திரும்பச் சேர்த்துக்கொண்ட பிறகும், எல்லா நிறத்தவரும் ஆடத் தொடங்கிய பிறகும் அவர் வாயில் வந்தது “அவங்க எப்படி ஆடுறாங்க?” என்பதுதான். பழகிப்போன நாக்கு.

ஜனவரி 13 அன்று முதல் ஆட்டத்தில் கேமரூனை 3-0 என்று அடித்தோம். அன்றும் “அவங்க நல்லா ஆடினாங்க” என்றார். அரையிறுதியில் டோனி யெபோவா இருந்த கானாவையும் 3-0. அன்று அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் கோல் இல்லை. துனிசியாக்காரர்கள் நெருக்கமாக ஆடினார்கள். இரண்டாம் பாதியில் கோச் கிளைவ் பார்க்கர் மார்க் வில்லியம்ஸை இறக்கினார். 73-ஆவது நிமிடம் ஒரு கோல். நாங்கள் கத்தி முடித்து உட்காருவதற்குள் 75-இல் இன்னொன்று. இரண்டையும் போட்டவர் அவரேதான். பார்க்கர் கைகளை விமானம்போல விரித்துக்கொண்டு ஓடினார். டர்பன்காரர் அல்லவா, எங்கள் அறையில் அதற்குத் தனிக் கைதட்டல்.

விசில் ஊதியதும் அப்பா எழுந்து நின்றார். “நம்ம டீம்டா... நம்ம டீம்” என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மண்டேலா 9-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு கோப்பையைக் கேப்டன் நீல் டோவியிடம் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். அம்மா காவடிக்கு வாங்கி வைத்திருந்த தேங்காய்களில் ஒன்றை எடுத்துப்போய் வாசலில் உடைத்தார். காமாட்சி விளக்கில் எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டினார்.

நைஜீரியா வராததால் கிடைத்த கோப்பை என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். 1994-இல் கோப்பையை வென்ற அணி விலகிக்கொண்டது உண்மைதான். ஆனால் கேமரூனும் கானாவும் என்ன, தெருப் பையன்களா? இந்தப் பேச்சை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நீங்கள் பார்த்த இறுதி ஆட்டங்களில் மனத்தில் தங்கியது எது? எழுதுங்கள்.


டோங்காட்டிலிருந்து ஒரு தாத்தா:

தம்பி, உங்கள் அப்பாவின் வயதுதான் எனக்கும் இருக்கும். அவர் சொன்ன ‘அவங்க’ எனக்கு நன்றாகப் புரிகிறது.

எங்களுக்கு இறுதி ஆட்டம் என்றாலே கரீஸ் ஃபவுண்டன்தான். சாம் சைனா கோப்பை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1903-இல் தொடங்கிய, இந்தியர் அணிகளுக்கான போட்டி. நேட்டால், டிரான்ஸ்வால் என்று மாகாணம் மாகாணமாக மோதும். அந்த நாளில் மாமா, சித்தப்பா, கடைக்காரர், கரும்புத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் டர்பனில்தான் இருப்பார்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவரின் தொப்பிதான் பாதி ஆட்டத்தை மறைத்தது. ஆனாலும் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கூட்டத்தின் சத்தத்திலேயே சொல்லிவிடலாம்.

இளையவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1961-இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவைத் தள்ளிவைத்தது அல்லவா? இடையில் 1963-இல் சேர்த்தார்கள், 1964-இல் மறுபடி தள்ளிவைத்தார்கள், 1976-இல் வெளியேற்றியே விட்டார்கள். நிறம் பார்க்காமல் ஆட வேண்டும் என்று நின்ற நம் பக்கத்துக் கால்பந்துக் கூட்டமைப்புதான் இதற்காக விடாமல் மனுப் போட்டது. நம் நாட்டை வெளியே நிறுத்துங்கள் என்று கேட்டது நாங்கள்தான். எங்களில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் நாட்டுச் சட்டையைப் போடாமலேயே கிழவர்களானோம். தெரிந்துதான் செய்தோம். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் வலி இருக்கிறது.

1992 ஜூலை 7 அன்று டர்பன் கிங்ஸ் பார்க்கில் கேமரூனுடன் ஆட்டம். திரும்பச் சேர்ந்த பிறகு முதல் ஆட்டம் அதுதான். கோப்பை எதுவும் இல்லை, ஆனால் எனக்கு அதுவே இறுதி ஆட்டம். அதுவரை அந்த ஸ்டேடியத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று இருந்தவன் நான். அன்று பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் குமாலோ பெனால்டியில் ஒரு கோல் போட்டார், 1-0. பேரன் துள்ளினான். எனக்குக் கால் ஆடவே இல்லை, அப்படியே நின்றேன்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பா எந்த இடத்தில் ஆடினார்? வலது காலா, இடது காலா?


ஃபீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரி:

நாட்டு அணியைப் பற்றியே பேசுகிறீர்கள் அண்ணா. நம்ம பகுதி அணி மேனிங் ரேஞ்சர்ஸை மறந்துவிட்டீர்களா? நீங்கள் சாட்ஸ்வொர்த்காரர் வேறு!

1996-97, பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவம். எங்கள் ஆயாவுக்கு அப்போது முழங்கால் வலி. படியேற முடியாது. ஆனாலும் சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவித்த கடலையை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புவார். கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் என்று நாடு முழுக்க ரசிகர்கள் உள்ள அணிகளை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, கார்டன் இகேசண்ட் பயிற்சியில் எங்கள் பகுதி அணி லீகை ஜெயித்தது. அதுவும் முதல் பட்டம். அந்த வரிசையில் முதல் பெயர் எப்போதும் அதுதான்.

ஆயாவுக்கு ஆட்டக்காரர்களின் பெயர் வாயில் நுழையாது. கூமான்தராகிஸ் என்ற பையனை ‘நெட்டைப் பையன்’ என்பார். அவன் பந்தோடு ஓடும்போதெல்லாம் “முருகா, அவன் காலைப் பார்த்துக்கோ” என்று வேண்டுவார். ஜெயித்த அன்று வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துச் சூடம் சுற்றிப் போட்டார், ஏதோ நாங்களே ஆடிவிட்டு வந்ததுபோல.


இசிப்பிங்கோவிலிருந்து:

2010 ஜூலை 7. மோசஸ் மபிடா ஸ்டேடியத்தில் உலகக் கோப்பை அரையிறுதி, ஸ்பெயினும் ஜெர்மனியும். என்னிடம் இரண்டு டிக்கெட். ஒன்று எனக்கு, ஒன்று ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் தம்பிக்கு.

தம்பியின் விமானம் டர்பனுக்கு மேலே வந்துவிட்டது. ஆனால் அன்று வந்து குவிந்த விமானங்களால் இறங்க இடமில்லை. சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் திரும்பிப் போய்விட்டது. அன்று அப்படி ஆட்டத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். நான் உள்ளே பக்கத்து நாற்காலியில் என் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது கேட்டால் “தம்பி வந்துகொண்டிருக்கிறான்” என்று சொன்னேன். இடைவேளைக்குப் பிறகும் அதையே சொன்னேன்.

73-ஆவது நிமிடம் சாவி கார்னர் அடித்தார். பூயோல் எங்கிருந்தோ பாய்ந்து வந்து தலையால் முட்டினார். அந்த வேகத்தை டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியாது, ஆள் மொத்தமும் பந்தின்மேல் விழுந்தார். 1-0. வுவுசெலா ஊதல்களின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து தம்பிக்கு போன் போட்டேன். “எப்படி இருந்தது?” என்றான். சொல்லத் தொடங்கினேன். உம்கேனி ரோடு கோயில் வரை நடந்துகொண்டே, ஒரு நிமிடம் விடாமல் முழு ஆட்டத்தையும் சொன்னேன். அந்த டிக்கெட்டை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

நாலு நாள் கழித்து சாக்கர் சிட்டி இறுதி ஆட்டத்தில் இனியெஸ்டா 116-ஆவது நிமிடம் கோல் போட்டபோது இருவரும் ஒரே சோபாவில் இருந்தோம். அது போதும்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எங்கள் வீடு லிவர்பூல் வீடு. காரணம் அந்த அணியின் கோல்கீப்பராக இருந்த புரூஸ் குரோபெலார். டர்பனில் பிறந்தவர். 1984-இல் ரோமில் ஐரோப்பியக் கோப்பை இறுதி பெனால்டிக்குப் போனபோது, கோல் கோட்டில் காலைத் தளர்த்தி ஆட்டிக் காட்டி இத்தாலிக்காரர்களைக் குழப்பினார் என்று அப்பா சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன்.

2005 மே 25, இஸ்தான்புல். அதே கோப்பையின் இறுதி, லிவர்பூலும் மிலானும். இடைவேளையில் மிலான் 3-0. அப்பா படுக்கப் போய்விட்டார். ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ, ஆறு நிமிடத்தில் மூன்று கோல். கதவைத் தட்டி எழுப்பினேன். பெனால்டியில் லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் அதே மாதிரிக் காலை ஆட்டினார். அப்பா படுக்கையறை வாசலிலேயே நின்று, “இது நம்ம புரூஸ் பண்ணினது” என்று அழுதார்.


சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தங்கச்சி, மறக்கவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆயாவைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு நான் எழுத என்ன இருக்கிறது!

தாத்தா, அப்பா இடது கால். இடது ஓரத்தில் ஆடினார். வெளியேற்றச் சொல்லிக் கேட்டது நம் ஆட்கள்தான் என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்தார். கரீஸ் ஃபவுண்டனில் பதினொரு பேர், பின்வரிசையில் அப்பா. மற்ற பெயர்கள் அம்மாவுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை டோங்காட்டுக்குக் கொண்டு வருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.