அப்பத்தா திதி: பேனர் வாசகம்

பிரபு: பேனர் கடைக்காரர் ஆறு மணிக்குள் முடிவு கேட்கிறார். மாதிரி அனுப்பியிருக்கிறார், பாருங்கள். "உருபசி போக்கும் அன்னதானம். முதலாம் ஆண்டு நினைவு."

பெரியப்பா: ஐயோ. உறுபசி! வல்லின று.

முத்து சித்தப்பா: வர்றவன் இலையைப் பார்ப்பான் அண்ணே, பேனரை யார் பார்க்கிறது

செல்வி அத்தை: உறுபசின்னா?

பெரியப்பா: "உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேரா தியல்வது நாடு." குறள் 734. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு நமக்கு வருவது வெறும் பசி. நாட்டுக்கே வருவது உறுபசி.

பிரபு: யானைப்பசி மாதிரியா?

பெரியப்பா: அதற்கும் மேலே ஒன்று உண்டு, யானைத்தீ. மணிமேகலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல்கனியைக் காயசண்டிகை காலால் சிதைத்துவிடுவாள். அது விருச்சிக முனிவர் உண்ண வைத்திருந்த கனி. பன்னிரண்டு ஆண்டு யானைத்தீயால் வருந்து என்று சாபம். எவ்வளவு தின்றும் அடங்காத பசி, கடைசியில் அமுதசுரபிச் சோறு ஒரு பிடியில் அடங்கியது.

முத்து சித்தப்பா: நம்ம மச்சான் கதை. வளைகாப்பில் மூணு பந்தி 😂

செல்வி அத்தை: அவரை இழுக்காதே. உன் கல்யாணத்தில் மோர் வராமல் ரசத்தோடு இலையை மூடினவர்.

கலா சித்தி: அது சமையல்காரர் பண்ணின கோளாறு அண்ணி. முப்பது வருசமாச்சு.

பிரபு: வாசகம்??

செல்வி அத்தை: அம்மா உறுபசி என்றெல்லாம் சொல்லாது. "வயிறு காந்துது" என்னும். கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டு, சட்டி கழுவின தண்ணியில் உப்புக்கல்லைப் போட்டுக் குடிக்கும். ஈரத்துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு படுக்கும். நீங்கள் அப்போது ஹாஸ்டலில் இருந்தீர்கள் அண்ணே.

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியப்பா: காந்துவதும் தீதான் செல்வி. அம்மா சொன்னது சரியான சொல்.

கலா சித்தி: 150 பேரா 200 பேரா? பாயசம் யார் கணக்கு?

முத்து சித்தப்பா: கருணைக்கிழங்கு வேண்டாம், போன தடவை நாக்கு அரித்தது

பிரபு: மணி 5:52. று போடச் சொல்லவா, வரியையே எடுக்கவா?

செல்வி அத்தை: அம்மா படத்தைப் பெரிசாப் போடு

பெரியப்பா: வல்லின று.

முத்து சித்தப்பா: 👍

பிரபு: எதுக்கு சித்தப்பா 👍?