உலக நீதிமன்றம் தீர்ப்பு சொன்னால் வல்லரசு கேட்குமா?

கேள்வி: பிளஸ் டூ டீச்சர்

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். போன வாரம் நிகராகுவா வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்திய அமெரிக்காவில் இருக்கும் அந்தச் சின்ன நாட்டின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும், அதன் அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்ததும் சட்டவிரோதம் என்று 1986 ஜூன் 27-ல் ஹேக் நகரில் இருக்கும் உலக நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அதை நிறைவேற்றச் சொல்லி நிகராகுவா ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனது. அமெரிக்கா தன் தடுப்பு ஓட்டான வீட்டோவைப் போட்டது. ஆட்சி மாறிய பிறகு 1991-ல் நிகராகுவாவே வழக்கைக் கைவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்ப எதுக்கு மிஸ் அந்தக் கோர்ட்டு?" என்றான். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி அவனை உட்கார வைத்தது இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாராவது இதை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?

பதில் 1: பழைய பட்டாளத்தான்

பையன் கேட்டது நியாயம்தான் டீச்சர். வல்லான் வகுத்ததே வாய்க்கால். உள்ளூர் கோர்ட் தீர்ப்பு சொன்னால் அமீனா வருவார், போலீஸ் வரும். ஹேக் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியது பாதுகாப்பு சபை. அங்கே ஐந்து பேர் கையில் வீட்டோ. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரே கையைத் தூக்கித் தடுக்க முடியும் என்றால் அதற்குப் பெயர் சட்டம் இல்லை.

பதில் 2: போர்ட் லூயிஸ்காரன்

மொரிஷியஸில் ஒரு துணி ஆலையில் 11 வருஷம் கணக்குப் பார்த்தேன். ரோஷ் புவா பகுதியில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. பிறந்தது இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கும் டியேகோ கார்சியா. அவர் தேங்காயை உடைக்கிற அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளங்கையில் வைத்து, கத்தியின் முதுகால் ஒரே தட்டு. இரண்டு மூடியும் சமமாக விழும். அந்தத் தீவில் எல்லோருக்கும் கொப்பரைத் தோட்டத்தில்தான் வேலை, சின்ன வயதிலேயே கை பழகிவிடுமாம்.

1965-ல், மொரிஷியஸ் இன்னும் காலனியாக இருக்கும்போதே, பிரிட்டன் சாகோஸைத் தனியாக வெட்டி எடுத்தது. மொரிஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அடுத்த வருஷமே டியேகோ கார்சியாவை ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்கு ஒதுக்கியது. 1968 முதல் 1973 வரை குறைந்தது 1,500 பேரை வெளியேற்றினார்கள். அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். பாட்டியின் அம்மாவைப் பெற்றவரும் அங்கேதான் பிறந்தார்.

1971-ல் பாட்டிக்கு 15 வயது. தீவிலிருந்த நாய்களைக் கொப்பரை காய வைக்கும் கொட்டகையில் அடைத்து, வண்டியின் புகைக்குழாயை உள்ளே திருப்பிக் கொன்றார்கள். அவர் வளர்த்த நாயும் அதில் ஒன்று. கொட்டகைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை அவர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. முதலில் அதே கூட்டத்தில் இருக்கும் பெரோஸ் பானோஸ் என்ற தீவில் கொண்டுபோய் விட்டார்கள், 1973-ல் அங்கிருந்தும் கப்பலேற்றிப் போர்ட் லூயிஸில் இறக்கினார்கள். அப்போது செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது "சக்ரென்" என்பார். கிரியோல் மொழியில் துக்கம் என்று அர்த்தம். அதை ஒரு வியாதியின் பெயர் போலத்தான் சொல்வார்.

ஆனால் பட்டாளத்து அண்ணன் சொன்னதோடு கதை முடியவில்லை. 2019 பிப்ரவரி 25-ல் அதே ஹேக் நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் கூடிய சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று 13-க்கு 1 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாத ஆலோசனைக் கருத்துதான். மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன. எதிர்த்தவை பிரிட்டனையும் சேர்த்து 6 மட்டும். பிரிட்டன் அசையவில்லை. ஆனால் அதன் காலடி மண் கரைய ஆரம்பித்தது. 2021-ல் அந்தப் பிரதேசத்தின் பிரிட்டிஷ் தபால்தலையை இனி ஏற்பதில்லை என்று உலக அஞ்சல் ஒன்றியம் முடிவெடுத்தது. 2022 பிப்ரவரியில் மொரிஷியஸ் ஒரு கப்பலை அனுப்பி, பெரோஸ் பானோஸில் கொடி ஏற்றியது. யாரும் தடுக்கவில்லை. 2025 மே 22-ல் சாகோஸை மொரிஷியஸுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது.

பதில் 3: மதுரைக் கிளை வக்கீல்

ஏன் வழக்காகப் போகாமல் ஆலோசனைக் கருத்தாகப் போனது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நாடுகள் சம்மதித்தால்தான் ஹேக் நீதிமன்றம் விசாரிக்க முடியும். பிரிட்டன் கொடுத்த சம்மதத்தில் ஒரு விலக்கு உண்டு: காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறு சேராது. சரி, காமன்வெல்த்தை விட்டே வெளியேறி வழக்குப் போடுவோம் என்று 2004-ல் மொரிஷியஸ் யோசித்தது. பிரிட்டன் உடனே வாசகத்தைத் திருத்தி, முன்பு உறுப்பினராக இருந்த நாடுகளையும் விலக்கில் சேர்த்துவிட்டது. வாசல் அடைபட்டது. அதனால்தான் மொரிஷியஸ் வீட்டோ இல்லாத பொதுச்சபைக்குப் போனது. 2017-ல் 94 நாடுகள் ஆதரித்து, 15 எதிர்த்து, கேள்வி ஹேக்குக்கு அனுப்பப்பட்டது.

நம் நாட்டின் சம்மதத்திலும் அதே காமன்வெல்த் விலக்கு இருக்கிறது. 1999-ல் தன் கடற்படை விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதற்காகப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கு, அந்த விலக்கால்தான் 2000-ல் விசாரணைக்கே வராமல் நின்றது. இதை மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி, அதிலிருந்தவர்கள் இதே டியேகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். மூன்று வருஷத்துக்கும் மேல் வேலிக்குள் கூடாரத்தில் இருந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று அந்தப் பிரதேசத்தின் சொந்த நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

பிளஸ் டூ டீச்சர்

ரெண்டு பேருக்கும் நன்றி. இதை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பாட்டிக்கு என்ன கிடைத்தது?

போர்ட் லூயிஸ்காரன்

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் டீச்சர். எனக்குக் கோபம் வருகிற இடமே அதுதான்.

ஹேக்கில் ஜெயித்தது மொரிஷியஸ் என்கிற நாடு. தீவுக்காரர்கள் லண்டன் கோர்ட்டுகளில் தனியாகப் போராடினார்கள். 2000-ல் ஜெயித்தார்கள், 2004-ல் பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தைக் கேட்காமலே மகாராணியின் ஆணையால் அவர்கள் ஊர் திரும்ப மறுபடி தடை போட்டது, 2008-ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்று அந்தத் தடையைச் செல்லும் என்றது. 2025 ஒப்பந்தமும் இரண்டு அரசாங்கங்கள் மேஜையில் பேசி முடித்தது. கையெழுத்தாகும் அன்று காலையில்கூட, எங்களை யாரும் கேட்கவில்லை என்று அந்தத் தீவில் பிறந்த இரண்டு பெண்கள் வாங்கிய இடைக்காலத் தடை சில மணி நேரம் நின்றது. மதியத்துக்குள் அதை நீக்கிவிட்டார்கள். அந்த ஒப்பந்தப்படி டியேகோ கார்சியா 99 வருஷக் குத்தகைக்குத் திரும்பவும் ராணுவத்துக்கே போகிறது. மற்ற தீவுகளில் வேண்டுமானால் மொரிஷியஸ் ஆட்களைக் குடியேற்றிக்கொள்ளலாம்.

வலியவனைச் சட்டம் அசைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால் பையனிடம் கோர்ட்டு வீண் என்று சொல்லாதீர்கள். ஆனால் நாட்டுக்குக் கிடைத்ததை ஆளுக்குக் கிடைத்ததாக எண்ணவும் என்னால் முடியவில்லை.

ஒப்பந்தம் வந்த வாரம் போன் செய்து, பெரோஸ் பானோஸுக்குக் கப்பல் விட்டால் போவீர்களா என்று பாட்டியைக் கேட்டேன். "அங்கே நான் ரெண்டு வருஷம்தானே இருந்தேன், அது என் ஊரா?" என்றார். அவருடைய அம்மாவைப் புதைத்தது டியேகோ கார்சியாவில். 2006-ல் சுமார் நூறு பேரைச் சில நாள் கூட்டிப்போய்க் கல்லறைகளைக் காட்டினார்கள். பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. போய்வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு ஜாம் பாட்டிலில் கல்லறை மண் கொண்டுவந்து கொடுத்தாள். அது அவர் அடுப்பங்கரை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.