வீட்டுக்குள் ஓடுகிறான், கேட்டைத் தாண்டினால் உட்கார்ந்துவிடுகிறான்: உதவி தேவை

புதுநாய்க்காரி:
வணக்கம். எங்கள் நாய்க்குட்டி மிளகுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. கடைசித் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகிறது, இனி வெளியே கூட்டிப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் போராட்டம்தான். வீட்டுக்குள் கயிற்றோடு நன்றாகவே சுற்றுகிறான். கேட்டைத் தாண்டி நாலு அடி வைத்ததும் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இழுத்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையை உருவிக்கொள்ளப் பார்க்கிறான், நேற்று பாதி கழன்றேவிட்டது. ஆனால் வீட்டுப் பக்கம் திருப்பினால் போதும், என்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறான்! இது பிடிவாதமா, பயமா, இல்லை எனக்குத்தான் பழக்கத் தெரியவில்லையா?

வேட்டைப்பல்:
பிடிவாதம்தான். எங்கள் நாயும் இப்படித்தான் முரண்டு பிடித்தது. நாலு நாள் விடாமல் இழுத்துக்கொண்டு போங்கள், வழிக்கு வந்துவிடும். இப்போது விட்டுக்கொடுத்தால் அப்புறம் தலையில் ஏறிக்கொள்ளும்.

கயிறுதளர்த்தி:
வேட்டைப்பல் அண்ணா, இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது நாயின் உடம்பிலேயே இருக்கிற பழக்கம். நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு காலை ஊன்றும். அதுவும் கழுத்துப்பட்டையில் இழுத்தால் குட்டியின் மூச்சுக்குழாயில் அழுத்தம் விழும். நாலு நாளில் உங்கள் நாய் நடந்திருக்கலாம், ஆனால் வேறு வழியில்லாமல் நடந்ததா, விரும்பி நடந்ததா?

புதுநாய்க்காரி, ஒன்று சொல்லுங்கள். அவன் உட்கார்ந்துவிடும் இடத்தில் அவனுக்கு ரொம்பப் பிடித்த தீனியை நீட்டினால் சாப்பிடுகிறானா? வால் எப்படி இருக்கிறது?

புதுநாய்க்காரி:
இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் விரலையும் சேர்த்து விழுங்குகிற பயல், கேட்டுக்கு வெளியே அதே தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. வால் பின்னங்காலுக்கு நடுவே. உதட்டை அடிக்கடி நக்கினான், இரண்டு முறை கொட்டாவி விட்டான். தூக்கம் போல என்று நினைத்தேன்.

கயிறுதளர்த்தி:
தூக்கமில்லை, பதற்றம். உதடு நக்குவதும் நேரங்கெட்ட நேரத்துக் கொட்டாவியும் அதைத்தான் சொல்கின்றன. நல்ல தீனியைக்கூட ஒரு குட்டி மறுக்கிறது என்றால் பயம் அதன் பசியைத் தாண்டிவிட்டது. அந்த நிலையில் எதையும் கற்றுக்கொள்ளாது.

காரணமும் ஓரளவு புரிகிறது. குட்டிகள் புதிய ஒலி, வாசனை, ஆட்களை இலகுவாக ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். தடுப்பூசி முடியட்டும் என்று நீங்கள் வீட்டிலேயே வைத்திருந்தீர்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். (கையில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டியிருக்கலாம். பரவாயில்லை, என் முதல் நாய்க்கு நானும் இதைச் செய்யவில்லை.) அவனைப் பொறுத்தவரை கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறொரு உலகம்.

முதலில் சாமான். நடை பழகும்வரை கழுத்துப்பட்டையில் கயிறு வேண்டாம். நெஞ்சுப் பக்கம் ஒய் எழுத்து மாதிரி வரும் ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள், தோள்பட்டையை மறிக்காது. உடம்புக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் உருவிக்கொள்வான். கயிறு ஆறடி போதும். தானாக நீண்டு சுருங்கும் வகை இப்போது வேண்டவே வேண்டாம். அதில் எப்போதும் ஒரு மெல்லிய இழுவை இருக்கும், அவனுக்கோ தளர்ந்த கயிறு என்றால் என்ன என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்து, நடப்பதையே மறந்துவிடுங்கள். கேட்டைத் திறந்து வைத்து உள்பக்கமாகவே அவனோடு உட்காருங்கள். வெளியே பார்க்கட்டும், மோப்பம் பிடிக்கட்டும். தீனியைச் சாப்பிட ஆரம்பித்தால் அந்தத் தூரம் அவனுக்குச் சரி என்று அர்த்தம். மறுநாள் ஓரடி வெளியே. உட்கார்ந்துவிட்டானா, கயிற்றைத் தளர்த்திவிட்டு நீங்களும் பேசாமல் நில்லுங்கள். அவனாக ஒரு காலை எடுத்து வைத்த அந்த நொடியில் பாராட்டி, தீனியை உங்கள் கால் பக்கத்தில் கொடுங்கள். மூக்குக்கு முன்னால் நீட்டி இழுக்கக் கூடாது, அப்புறம் தீனி இருந்தால்தான் நடப்பேன் என்பான்.

ஒரு தந்திரமும் உண்டு. வீட்டுப் பக்கம் ஓடுகிறான் என்றீர்கள் அல்லவா? அதையே பயன்படுத்துங்கள். அவன் பதறாத தூரம்வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வீட்டை நோக்கி நடக்க விடுங்கள். முதலில் பத்தடி, அப்புறம் இருபது.

நேரம் ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை.

மழைவாசி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். விரலிடுக்கில் முள், வளர்ந்து வளைந்த நகம் ஏதாவது இருக்கலாம். தரை சுடுகிறதா என்று புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அவனாலும் முடியாது. வீட்டுக்குள்ளும் நொண்டினாலோ காலைத் தொட்டால் கத்தினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வேட்டைப்பல்:
சரி சரி. தீனியை மறுத்தால் பயம் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த குட்டிக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

புதுநாய்க்காரி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பாதத்தில் ஒன்றும் இல்லை. முதல் மூன்று நாள் கேட்டருகே உட்கார்ந்திருந்தோம், நானும் அவனும் தெருவை வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். நான்காம் நாள் வெளியே தீனி சாப்பிட்டான். தூக்கிப் போய் இறக்கிவிடும் தந்திரம் நன்றாக வேலை செய்தது. இன்று காலை தூக்காமலே தெருமுனை வரை வந்தான், வால் மேலே! நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியதும் உட்கார்ந்துவிட்டான். கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றேன், ஒரு நிமிடம் இருக்கும், எழுந்து அவனே நடந்தான்.

இப்போது புதுத் தொல்லை. தைரியம் வந்ததும் கயிற்றைக் கவ்விக்கொண்டு என்னோடு இழுவைப் போட்டி நடத்துகிறான்.

கயிறுதளர்த்தி:
நல்ல தொல்லைதான்! நீங்கள் பதிலுக்கு இழுத்தால் அது விளையாட்டாகிவிடும். கயிற்றைத் தொங்கவிட்டு அசையாமல் நில்லுங்கள், வாயை விட்டதும் நடங்கள். முடிந்தால் வாயில் கவ்விக்கொள்ள ஒரு பொம்மையைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். பல் விழுந்து முளைக்கிற வயசு வேறு, கொஞ்ச நாள் இருக்கும்.