14 வயதுப் பையன், சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான்

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்) கேட்டது:

சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பையன் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறானால் வாழப்பாடி பக்கம் மாமியார் ஊருக்குப் போய்விடுவோம். அங்கே பம்புசெட் கிணறு இருக்கிறது. போன கோடை வரை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பான். சோறு ஆறிப்போகும், ஏறி வர மாட்டான். இந்த வருடம் கிணற்றுப் பக்கமே தலை வைப்பதில்லை. மச்சான் பையன்கள் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான்.

பட்டறையில் வெள்ளி உருக்குகிற சூட்டில் நாங்கள் எல்லோரும் வெற்றுடம்போடுதான் இருப்போம். இவன் வந்தால் உள்ளே பனியன், மேலே சட்டை. வேர்த்துக் கொட்டினாலும் கழற்றுவதில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு கூன் போட்டு நடக்கிறான். பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறானாம்.

யாராவது அடித்த காயமோ, பச்சை கிச்சை குத்திக்கொண்டானோ என்று தூங்கும்போது முதுகைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குரல் உடைந்திருக்கிறது, மீசை அரும்புகிறது, ராத்திரி 12 மணி வரை முழித்திருக்கிறான், காலையில் எழுப்புவது பெரும்பாடு. அதெல்லாம் வயசு என்று விட்டுவிட்டேன். இந்தச் சட்டை விஷயம்தான் பிடிபடவில்லை. வீட்டில் மந்திரிக்கலாம் என்கிறாள். என்ன செய்யலாம்ங்க?

ஐந்துரோடு அண்ணாச்சி:

போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்க. எல்லாம் தானாகச் சரியாகும்.

மலைநர்ஸ் (ஏற்காடு):

அண்ணாச்சி, கிணற்றில் குதிக்காததற்கு போன் என்ன செய்யும்?

தம்பி, நான் ஏற்காட்டு மலைக்கிராமங்களில் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பையன் முதுகைப் பார்த்தீர்கள், மார்பைப் பார்த்தீர்களா? காம்புக்கு நேர் கீழே சட்டைப் பொத்தான் அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

பயப்பட ஒன்றுமில்லை. வயதுக்கு வரும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும், பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள். ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழுசாக ஏறுவதற்கு முன்னால் இரண்டுக்கும் உள்ள விகிதம் கொஞ்ச காலம் முன்னே பின்னே இருக்கும். அதில் மார்புச் சுரப்பி லேசாக வீங்குகிறது. ஒரு பக்கம் மட்டும்கூட வரலாம். பெரும்பாலும் 1 அல்லது 2 வருடத்தில் தானாகவே வற்றிவிடும். தைலம், மருந்து எதுவும் தேவையில்லை. பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் வேண்டாம், வளர்கிற உடம்பு.

பெண்பிள்ளை என்றால் அம்மாவோ அத்தையோ முன்கூட்டியே ஏதாவது சொல்லி வைப்பார்கள். பையனுக்கு யார் சொல்கிறார்கள்? நான் போன வீடுகளில் எல்லாம் அப்பாமார் பேச்சு 'நல்லாப் படி' என்பதோடு முடிந்துவிடும். இவனோ தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு துணி போட்டு வெந்துகொண்டிருக்கிறான்.

கிணற்றடியில் நாலு பேர் முன்னால் கேட்டுவிடாதீர்கள். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது கேளுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அந்த வயதில் சுலபம்.

டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டியது எப்போது என்றால், முடிச்சு வேகமாகப் பெரிதானால், காம்பில் நீர் கசிந்தால், விதையில் கட்டி தென்பட்டால், 2 வருடம் தாண்டியும் வற்றாவிட்டால். ஜிம்மில் யாராவது ஊசி போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு ஊசியாலும் இது வரும். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போடும்போது வயதைச் சொன்னால் எந்தப் பிரிவு என்று அனுப்புவார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அரசு மருத்துவ ஆலோசனை எண் 104க்கு அடித்தும் கேட்கலாம்.

அப்புறம் அந்த 12 மணி முழிப்பு. தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் இந்த வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித்தான் சுரக்கும். போன் அதை இன்னும் தள்ளும், அந்த மட்டில் அண்ணாச்சி சொல்வது சரி. 8 மணி நேரமாவது தூங்க வேண்டிய வயது, அதிகாலையில் எழவில்லை என்று சோம்பேறிப் பட்டம் கட்டாதீர்கள்.

கொலுசுப்பட்டறை:

அக்கா, நீங்கள் சொன்னதேதான். செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கு கொடுக்கப் போகும்போது வண்டியில் வைத்துக் கேட்டேன். கந்தம்பட்டி தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், "இடிச்சா வலிக்குதுப்பா, கேன்சரா?" என்றான். போனில் தேடிப் பார்த்திருக்கிறான். இத்தனை நாள் இதை மனதில் வைத்துக்கொண்டா சோறு தின்றான் என்று எனக்கு வண்டியே ஓடவில்லை. பாதிப் பையன்களுக்கு வரும் என்றதும், "கிளாஸ்ல யாருக்கும் இல்லியே" என்கிறான்!

இப்போது வீட்டில் புதுப் பிரச்சினை. பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் இது என்று கோழியை நிறுத்திவிட்டாள். நிஜமாங்க?

மலைநர்ஸ் (ஏற்காடு):

அவன் வகுப்பில் எத்தனை பேர் பி.டி. பீரியடில் இவனைப் போலவே சட்டைக்குள் பனியனும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். கேன்சர் இந்த வயதுப் பையனுக்கு அபூர்வத்திலும் அபூர்வம். இருந்தாலும் அவன் மனது ஆற ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் வாயால் கேட்டால்தான் நம்புவான். உள்ளே போகும்போது அம்மா வெளியிலேயே இருக்கட்டும்.

தீவன மூட்டை (ஆத்தூர்):

நான் பிராய்லர் பண்ணையில் வேலை பார்க்கிறேன், கோழிக் கதையை நான் சொல்கிறேன். ஒரு ஷெட்டில் ஆயிரக்கணக்கில் குஞ்சு விடுகிறோம். ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட யாருக்குங்க கட்டுப்படியாகும்? 6 வாரத்தில் 2 கிலோ வருவது அந்த இனத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததாலும், மக்காச்சோளமும் சோயாவும் போட்ட தீவனத்தாலும்தான். போடுவதெல்லாம் நோய்த் தடுப்பு மருந்து, அதுவும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிக்கிற தண்ணீரிலோ. பையனுக்குக் கோழி போடச் சொல்லுங்க அண்ணா.