வீட்டுத் தோட்டத்தால் காய்கறிச் செலவு குறையுமா? என் நோட்டு இல்லை என்கிறது

கணக்குநோட்டு:
ஒரு வருடம் தோட்டம் போட்டு, ஒவ்வொரு செலவையும் எழுதி வைத்தேன். தொட்டி, தேங்காய்நார்க் கழிவு, மண்புழு உரம், வேப்ப எண்ணெய், நிழல்வலை எல்லாம் ஒரு பக்கம். பறித்ததை எடை போட்டு அன்றைய கடை விலையில் கணக்கிட்டது மறுபக்கம். போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. நல்ல பொழுதுபோக்கு, மறுக்கவில்லை. ஆனால் 'பணம் மிச்சம்' என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லாதீர்கள்.

புதினாக்காடு:
என்னென்ன போட்டீர்கள்?

கணக்குநோட்டு:
தக்காளி, கத்தரி, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ்.

புதினாக்காடு:
அங்கேதான் இடிக்கிறது. வெங்காயமும் உருளையும் கடையிலேயே மலிவு, வாங்கி வைத்தாலும் சீக்கிரம் கெடாது. கோஸ் இரண்டு மூன்று மாதம் தொட்டியை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு தலையைத் தரும். அதே தொட்டியில் முளைக்கீரை விதைத்தால் 25, 30 நாளில் பறிக்கலாம். புதினாவுக்கு விதைகூட வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து நான்கு காம்பைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். நட்ட பிறகு கணுவுக்கு மேலே கிள்ளினால், கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். கட்டாக வாங்கும்போது பாதி அழுகிக் குப்பைக்குப் போகிறதே, அது உங்கள் நோட்டில் ஏறியதா?

கணக்குநோட்டு:
ஏறவில்லை, சரி. ஆனால் காய்கறிச் செலவில் புதினாவும் கீரையும் எவ்வளவு? முழுதாக மிச்சமானாலும் சில்லறைதான்.

மண்வெட்டி:
முதல் வருடக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. தொட்டியை ஒருமுறைதான் வாங்குகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்கள் நாட்டின் காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தந்தன என்று மதிப்பிட்டார்கள். சில்லறையா அது?

கணக்குநோட்டு:
அவர்களில் பெரும்பாலானோருக்குத் தரையில் மண் இருந்தது ஐயா. நான் மண்ணையே காசு கொடுத்து வாங்குகிறேன். அதோடு அது பங்கீட்டுக் காலம், கடையில் இருந்ததா என்பதே கேள்வி. என்னோடு ஒப்பிட முடியாது.

மூன்றுமணிவெயில்:
என் பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில். தக்காளி நெட்டையாக வளர்ந்து நின்றதோடு சரி. குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும் என்று நட்ட பிறகுதான் தெரிந்தது. பீர்க்கங்காய் இன்னும் மோசம். பிஞ்சு விடும், மஞ்சளாகும், உதிரும்.

புதினாக்காடு:
உங்கள் வெயிலுக்கு இலை வகைகள் போதும். பீர்க்கு உதிர்வதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம், மாடி உயரத்துக்குத் தேனீ அதிகம் வராது. பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து அதில் தடவிவிடுங்கள். பீர்க்கு மாலையில்தான் பூக்கும், காலையில் போய்த் தேடாதீர்கள்.

மண்வெட்டி:
பழம் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஒட்டுக்கட்டிய எலுமிச்சை இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும், அப்புறம் வருடக்கணக்கில் பறிக்கலாம்.

கணக்குநோட்டு:
வாடகை வீட்டில் அடுத்த குடித்தனக்காரருக்கு மரம் வளர்க்கச் சொல்கிறீர்கள். பப்பாளியும் வைத்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, பூத்த பிறகு பார்த்தால் ஆண் மரம். இதில் என் நேரத்துக்குக் கூலியே போடவில்லை.

புதினாக்காடு:
நேரத்துக்குக் கூலி போட்டால் வீட்டில் சமைப்பதும் நட்டம்தான். அதற்கும் நோட்டுப் போடுவீர்களா?

கணக்குநோட்டு:
போட்டாலும் போடுவேன். சரி, அழுகியதற்கு இன்று முதல் தனிப் பத்தி. கீரைக்கு இரண்டு தொட்டி, ஆறு மாதம், பிறகு எண்களோடு வருகிறேன். இதற்கிடையில் ஒரு சந்தேகம்: நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே தண்ணீரில் வைத்த புதினாக் காம்பு கறுத்து நாற்றமடிக்கிறது. ஏன்?

புதினாக்காடு:
இலை தண்ணீருக்குள் முங்கியிருக்கும். கீழ் இலைகளை உருவிவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கறுத்ததைத் தூக்கிப் போடுங்கள், புதுப் பத்தியில் முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.