காப்பக வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: குழந்தைகளைப் பிடிக்கும் என்பது மட்டும் போதுமா?

செவ்வந்தி38:
வணக்கம். எனக்கு 38 வயது, பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனிக்குள்ளேயே நடக்கும் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள். "ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்றேன். அந்த மேடம் சிரித்துவிட்டு, "வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், மூணு மாசத்தில் நின்றுவிடுகிறார்கள்" என்றார். அதிலிருந்து ஒரே யோசனை. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். அது போதாதா? இதற்கு வேறு என்னதான் வேண்டும்?

பால்வாடி டீச்சர்:
1991இல் அங்கன்வாடியில் சேர்ந்தேன். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் ஊருக்குக் கடைசிவரை அது பால்வாடிதான், நான் பால்வாடி டீச்சர்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் காப்பகத்திலும் நாலு வருடம் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உயிர் என்று சொன்னதில் தப்பில்லை, தங்கச்சி. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு மூன்று பிள்ளைகள் தூக்கத்துக்கு அழும், ஒன்று சாப்பிட்டதை அப்படியே கக்கும், இன்னொன்று வாசலை நோக்கித் தவழும். அப்போது உயிராவது ஒன்றாவது! அந்த நேரத்தில் குரல் ஏறாமல் இருக்கிறதா, அதைத்தான் நான் பார்ப்பேன். நாம் கத்தினால் அழாத பிள்ளையும் சேர்ந்து அழும்.

அடுத்தது, எண்ணுவது. ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் தலைகளை எண்ண வேண்டும். எனக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எண்ணுகிறேன். பாத்ரூமில் நிரப்பி வைத்த வாளியைக் கண்டால் முதலில் கவிழ்ப்பேன். தவழ்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்து மூழ்கிப்போக நாலு விரல் தண்ணீர் போதும். உங்கள் வீட்டில் இரண்டு பேரை வளர்த்தபோது எண்ண வேண்டிய தேவை இருந்திருக்காது, வித்தியாசம் அங்கேதான்.

உங்களையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். சேலை பின், கண்ணாடி வளையல், ஜிமிக்கி மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். என் ஜிமிக்கியை ஒரு எட்டு மாதக் குழந்தை இழுத்ததில் காது கிழிந்து தையல் போட்டது. தப்பு குழந்தை மேலா? நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். போன் பைக்குள் இருக்க வேண்டும்.

தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது என்பதைச் சேரும் முன்பே யாரிடமாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நடுநெஞ்சில் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், கூடவே ஒருவர் 108க்குப் போன் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவவே கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். படித்தால் மட்டும் கை பழகாது, பொம்மை வைத்துப் பழகுங்கள்.

கம்பெனிக் காப்பகம் என்பதால் ஒன்று. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை வந்து பார்க்கலாம் என்று வைத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் நாலு முறை வந்தால் நாலு முறை பிரிய வேண்டுமே! பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் நைசாக நழுவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். டாட்டா சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அழும், அழட்டும், பத்து நிமிடம். சொல்லாமல் போனால் அடுத்த நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், கீழே விழுந்தது, கடிபட்டது எதையும் மறைக்காதீர்கள். ஒன்றை மட்டும் மறைக்கலாம். குழந்தை முதல் அடி நம்மிடம் எடுத்து வைத்தால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். "இன்னைக்கு நாளைக்குள் நடந்துடுவான் போல, பார்த்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

இரட்டையர் அப்பா:
மறைக்காதீர்கள் என்று டீச்சரம்மா சொன்னதற்கு என் அனுபவம். முன்பு விட்டிருந்த இடத்தில் தினமும் ஒரே பாட்டு: "நல்லா சாப்பிட்டாங்க, நல்லா தூங்கினாங்க." இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வரி. ஒருநாள் ஒருவன் தோளில் வட்டமாகப் பல் தடம். கொசு என்றார்கள். அந்தக் கொசுவுக்கு ஆறு பல்! மாற்றிவிட்டோம். இப்போதைய இடத்தில் இருக்கும் அக்கா முதல் வாரமே வாசலில் நின்று, "சின்னவனை இன்னொரு பையன் கடிச்சுட்டான் சார். நான் டயப்பர் மாத்தத் திரும்பின நேரம். ஐஸ் வெச்சேன்" என்றார். கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் அன்றிலிருந்துதான் ஆபீசில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஷிப்ட் அம்மா:
முதல் அடி விஷயத்தில் டீச்சரம்மாவோடு உடன்பாடில்லை. அது என் பிள்ளை, அது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அழுவேன், பரவாயில்லை.

பால்வாடி டீச்சர்:
சேர்க்கிற அன்றே அதைச் சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுவோம். நான் கேட்காமலே முடிவு செய்தது தப்பாகக்கூட இருக்கலாம்.

மாலை ஆறு மணி:
இதே வேலையில்தான் ஐந்து வருடமாக இருக்கிறேன். பொறுமை வேண்டும், பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆளுக்கு எத்தனை பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்னிடம் பதினொரு பேர். நாலு பேரிடம் எனக்கு இருக்கும் பொறுமை பதினொரு பேரிடம் எங்கிருந்து வரும்? உங்கள் மேடம் சொன்னாரே, மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று, ஏன் நின்றார்கள் என்று அவரையே கேளுங்கள். அப்புறம் இடுப்பு. குனிந்து தூக்காதீர்கள், உட்கார்ந்து அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது.

செவ்வந்தி38:
எல்லோருக்கும் நன்றி. போன் செய்து கேட்டேன். என் அறையில் கைக்குழந்தைகள் நாலு பேர்தானாம், கூட இன்னொரு அக்காவும் இருப்பாராம். ஏன் நின்றார்கள் என்று கேட்டதற்கு மேடம் கொஞ்சம் தயங்கி, "சம்பளம்" என்றார். திங்கட்கிழமை சேர்கிறேன். ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டேன், டீச்சரம்மா.

பால்வாடி டீச்சர்:
பையில் இன்னொரு சுடிதாரும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தேவைப்படும்.